கடல் கடந்து வந்த கிதார்

தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் அங்கிருந்து என்ன வாங்கி வருவார்கள் என்று நேயர்களைக் கேட்டால், "மக்ரூன்" என்று உடனே விடை வரும். உப்பு என்று சிலர் சொல்லக்கூடும். சற்று வயது சென்றவர்கள் "முத்து" என்று சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விடுவார்கள். ஏனெனில், 1961-ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்தக் கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவேயில்லை. சென்ற மாதம் நாம் அவ்வூருக்குப் போய்த் திரும்பியபோது கையில் கொண்டுவந்தது இவற்றில் எதுவும் அல்ல. வேட்டித் துணியில் சுற்றிய ஓர் ஒலிநாடாச் சுருள்! அதிலிருந்து ஊறுகாய்க் காடியின் வாடை வீசிக்கொண்டிருந்தது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் நம்மை இரண்டு தடவை முறைத்துப் பார்த்தார். "இதற்குள்ளே ஒருவருடைய குரல் இருக்கிறது அம்மா" என்று சொன்னால் அவர் நம்புவாரா? ஆகையால் பேசாமல் இருந்துவிட்டோம்.

அந்தச் சுருள் நம் கைக்கு வந்த கதையையும், அது நமக்குக் கற்றுக் கொடுத்த பாடத்தையும்தான் இங்கே எழுத எண்ணுகிறோம்.

டிரங்குப் பெட்டி

நமது நண்பர் ஒருவர் தூத்துக்குடிக்காரர். பனிமய மாதா கோவிலுக்குச் சற்றுத் தொலைவில், கடற்காற்று நேராக வந்து மோதும் ஒரு தெருவில் அவருடைய தாய்மாமனின் வீடு இருக்கிறது. மாமனுக்கு எண்பது பிராயம் ஆகிவிட்டது. இளமையில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்து உலகத்தின் பாதித் துறைமுகங்களைக் கண்டவர். நாம் போன தினத்தில் அந்த வீட்டில் ஒரு சிறு விவாதம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். அவற்றுள் துருப்பிடித்த டிரங்குப் பெட்டி ஒன்று. அதைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடலாம் என்பது மருமகளின் கட்சி. கூடாது என்பது பெரியவரின் கட்சி.

"வாங்கய்யா, உட்காருங்க. நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. இதிலே இருக்கிறது எல்லாம் குப்பையா?" என்று கேட்டுக்கொண்டே பெரியவர் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே சின்னச் சின்ன இசைத்தட்டுக்கள். உறைகளின் மேல் பூச்சிகளைப் போல நெளிகின்ற எழுத்துக்கள். ஒரே மாதிரிச் சட்டை அணிந்து, நெற்றி மறைய முடி வளர்த்த இளைஞர்கள் கையில் கிதாருடன் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 1968-ல் யோகோஹாமாத் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது வாங்கியவையாம். "பாஷை ஒரு அட்சரம் தெரியாது. ஆனால் அந்த ஊர்க் கடையிலே இதைப் போட்டதும் எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வந்துட்டுது. அதனாலே வாங்கினேன்" என்றார்.

ஜப்பான் பாட்டைக் கேட்டுத் தூத்துக்குடி ஞாபகம் வருவதாவது! நமக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பெரியவரின் பேரன் தன் கைபேசியை அந்த உறைகளின் மேல் காட்டி எழுத்துக்களைப் படித்துச் சொல்லத் தொடங்கினான். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் நாம் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை.

ஜப்பானில் நடந்த கதை

ஜப்பானியர் மின்சாரக் கிதாரை 'எலெகி' என்று செல்லமாக அழைத்தார்கள். 'வெஞ்சர்ஸ்' என்ற அமெரிக்க வாத்தியக் கோஷ்டி 1962-ல் முதன் முதலாக அந்நாட்டுக்குச் சென்றது. அவர்கள் 1965-ல் மறுபடி வந்தபோது நாடெங்கும் 'எலெகி'ப் பைத்தியம் பிடித்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் கிதார் கேட்டு அழுதார்கள். பெரியவர்கள் பயந்தார்கள். அஷிகாகா என்னும் நகரத்துக் கல்விக் குழுவினர் அதே ஆண்டில் மாணவர்கள் எலெகியைத் தொடக் கூடாதென்று தடை விதித்தனர்.

மறு ஆண்டு ஜூன் முடிவில் 'பீட்டில்ஸ்' கோஷ்டியினர் டோக்கியோவுக்கு வந்தார்கள். நிப்பான் புடோகான் மண்டபத்தில் மூன்று தினங்களில் ஐந்து கச்சேரிகள். அந்த மண்டபமோ 1964-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்தில் ஜூடோ மல்யுத்தத்திற்காகக் கட்டப்பட்டது. வீரக்கலைக்கு உரிய இடத்தில் அன்னிய நாட்டு வாலிபர்கள் கூச்சல் போடுவதா என்று தேசாபிமானிகள் பலர் கொதித்தெழுந்தனர். போலீஸ் காவலுடன்தான் கச்சேரி நடந்தது.

இதற்குப் பின் முளைத்தவைதாம் 'குரூப் சவுண்ட்ஸ்' எனப்பட்ட கோஷ்டிகள். 'ராக் அண்ட் ரோல்' என்று சொல்லும்போது ஜப்பானியர் நாவில் ரகரமும் லகரமும் ஒன்றாகிவிடுவதால், உச்சரிக்க எளிதான இந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஸ்பைடர்ஸ், டைகர்ஸ், டெம்ப்டர்ஸ், மாப்ஸ், ஜாக்ஸ் என்று பெயர்களெல்லாம் இங்கிலீஷ். பாட்டுக்களோ பெரும்பாலும் ஜப்பானிய பாஷை. 'புளூ காமெட்ஸ்' கோஷ்டி பாடிய 'நீல மாளிகை' என்ற பாட்டு 1967-ல் அந்நாட்டு இசைத்தட்டுலகின் தலையாய பரிசைப் பெற்றது. பெரியவரின் பெட்டியில் அந்தத் தட்டும் இருந்தது.

யோகோஹாமாவைச் சேர்ந்த 'கோல்டன் கப்ஸ்' கோஷ்டியின் பிறப்பு இன்னும் சுவாரஸ்யமானது. அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த ஹோன்மோகு என்ற பகுதியில் ஒரு கேளிக்கை விடுதியில் தோன்றிய கோஷ்டி அது. துறைமுகம் இருக்குமிடத்தில் அன்னிய நாட்டு மாலுமி இருப்பான்; மாலுமியோடு அவனுடைய பாட்டும் கரையேறும். பெரியவருக்கு யோகோஹாமாவில் தூத்துக்குடி ஞாபகம் வந்ததன் ரகசியம் நமக்கு மெல்ல விளங்கத் தொடங்கியது.

டெராவுச்சி தகேஷி என்ற கிதார் வித்துவான் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். அவர் தம் நாட்டுக் கிராமியப் பாடல்களை எடுத்து எலெகியில் வாசித்தார். 'ஷமிசென்' என்ற மூன்று தந்தி வாத்தியத்தில் பரம்பரையாக வாசித்து வந்த உருட்டல்களும் மீட்டல்களும் மின்சாரக் கிதாரில் பேசின. தடை விதித்த பெரியவர்கள் அதைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார்கள்?

இந்த ஆரவாரம் அதிக காலம் நிலைக்கவில்லை. 1969-க்குள் அலை ஓய்ந்தது. 1971 ஜனவரியில் டைகர்ஸ் கோஷ்டியும் கலைந்தது. தட்டுக்கள் பரண் ஏறின. பல ஆண்டுகள் கழித்து ரஸிகர் சிலர் அவற்றைத் தேடிப் புறப்பட்டனர். தட்டின் முன்பக்கத்தில் கம்பெனியார் விரும்பிய உருக்கமான காதற் பாட்டு இருக்கும். பின்பக்கத்தில்தான் பிள்ளைகள் தங்கள் மனம்போல் முழங்கித் தீர்த்திருப்பார்கள். தேடியவர்கள் இந்தப் பின்பக்கங்களைச் சேர்த்துத் தொகுத்தார்கள். 1990-களில் லண்டன் நகரிலேயே அவை மறுபதிப்பாக வெளிவந்தன.

தூத்துக்குடியில் முத்துச் சிப்பியை எப்படி விற்றார்கள் தெரியுமா? உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் பார்க்க முடியாது. ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் விடுவார்கள். வாங்கியவன் அழுக விட்டுக் கழுவிப் பார்க்க வேண்டியதுதான். ஆயிரத்தில் ஒன்றில் நல்முத்து இருந்தால் அதிர்ஷ்டம். பழைய தட்டு தேடுகிறவர்களின் வாழ்க்கையும் அதுவேதான்.

நம் பக்கத்துக் கடல்

"சரி, ஜப்பானில் நடந்தது நமக்கென்ன?" என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் பெரியவரைக் கேட்டோம். அவர் பெட்டியின் அடியிலிருந்து இன்னொரு கட்டை எடுத்தார். கேஸட்டுகளும் சில நாடாச் சுருள்களும் இருந்தன. "இது அந்தக் கரைப் பாட்டு" என்று கிழக்கே கையைக் காட்டினார்.

தூத்துக்குடியில் 'அந்தக் கரை' என்றால் கொழும்பு. முன்னாளில் மாலையில் கப்பலேறினால் மறுநாள் காலையில் கொழும்பு. 1914-ல் தனுஷ்கோடி வழியாகப் படகு ரயில் ஓடத் தொடங்கும் வரையில் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் பிரதான வழியே இதுதான். வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இந்த வழியில் கப்பல் ஓட்டத்தான். பிறகு தோணிகள் சரக்கேற்றிப் போய் வந்தன. 2011-ல் மீண்டும் ஒரு பிரயாணிக் கப்பல் விடப்பட்டு, சில மாதங்களிலேயே நின்றுபோயிற்று.

இந்த இரு கரைகளுக்கும் வேறோர் உறவும் உண்டு. முத்துக் குளித்த பரதவர் 1530-களில் போர்த்துக்கீசியரின் துணையை நாடி அவர்கள் சமயத்தைத் தழுவினார்கள். இலங்கைக் கரையிலும் அதே போர்த்துக்கீசியர் 1505-ல் வந்து இறங்கி, 1658 வரையில் ஆண்டார்கள். ஆகவே பர்னாந்து என்ற பெயர் இங்கும் உண்டு, அங்கும் உண்டு. போர்த்துக்கீசியர் அந்தக் கரையில் பெயரோடு ஒரு தாளத்தையும் விட்டுச் சென்றனர். அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் ஆட்டமும் அவர்களுடைய பாட்டும் சேர்ந்து, ஆறெண்ணிக்கையில் துள்ளும் 'பைலா' பிறந்தது. ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதைச் சிங்களத்தில் மேடைப் பாட்டாக வளர்த்தவர் வாலி பாஸ்டியன் என்ற போலீஸ்காரர். பின்னர் எம்.எஸ். பர்னாந்து அதற்கு அரசராக விளங்கினார்.

1960-களில் கிதார் அலை கொழும்பையும் அடைந்தது. கிளாரன்ஸ் விஜேவர்தனா என்ற இளைஞர் 'மூன்ஸ்டோன்ஸ்' கோஷ்டியின் மூலம் மின்சாரக் கிதாரைச் சிங்களப் பாட்டுக்குக் கொண்டுவந்தார். இங்கிலீஷ் பாட்டுக்களை அப்படியே பாடிய கோஷ்டிகள் அதற்கு முன்பும் இருந்தன. தம் பாஷையில், தம் ஊர் விஷயத்தைப் பாடியதுதான் அவர் செய்த புதுமை.

தமிழர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் வேளாண்மை படித்தவர். 1960-களின் பிற்பகுதியில் பைலாத் தாளத்தில் தமிழ்ச் சொற்களை வைத்துக் கிதாருடன் பாடத் தொடங்கினார். மாமியைப் பற்றி ஒரு பாட்டு, கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்தி சொல்லும் ஒரு பாட்டு! சுவர்க்கத்து அப்ஸரஸுகளைப் பற்றிய பேச்சே இல்லை. வேலிக்கு இப்புறமும் அப்புறமும் நடக்கிற விஷயந்தான். இலங்கைத் தமிழர் இதைப் 'பொப் இசை' என்று அழைத்தனர். ஏ.இ. மனோகரன் இதனைக் கடலுக்கு இப்பால் கொண்டுவந்தார். நம்மவர்கள் அவரைச் 'சிலோன் மனோகர்' என்றே அறிவார்கள். அவருடைய 'சுராங்கனி' பாட்டைத் தெரியாத தமிழர் யார்? சுராங்கனி என்ற பெண்ணுக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்று சிங்களமும் தமிழும் கலந்து சொல்லும் பாட்டு அது. 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவும் அதை எடுத்தாண்டார். மனோகரன் 2018-ல் சென்னையில் காலமானார்.

மீன் விற்கிற பாட்டு மீன்பிடிக்கிற ஊருக்கு வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் என்ன?

ரேடியோவின் உபகாரம்

இந்தப் பாட்டுக்கள் தோணியில் வந்ததைவிட ரேடியோவில் அதிகமாக வந்தன. இலங்கை வானொலி 1925-ல் தொடங்கியது. அதன் வர்த்தக சேவை 1950-ல் ஆரம்பமாயிற்று. நம் அகில இந்திய ரேடியோவில் 1952-ல் மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரஸனையைக் கெடுக்கும் என்று அதைப் பெரிதும் ஒதுக்கிவைத்தார். விளைவு என்ன? தேசமே இலங்கை ரேடியோவின் பக்கம் முள்ளைத் திருப்பிவிட்டது! 1957-ல் விவித பாரதி பிறந்த பிறகுதான் நம்மவர் சிலர் திரும்பி வந்தனர். தென்பாண்டிக் கரையோரத்தார் அப்போதும் திரும்பவில்லை. எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலும், பின்னர் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களும் அவர்கள் வீட்டு மனிதர்களின் குரல்களாகவே ஆகிவிட்டன.

"அப்போ எங்க தெருவிலே ஒரு வீட்டிலே ரேடியோ பாடினால் போதும். தெருக் கோடி வரைக்கும் நடந்து போனாலும் ஒரு அடி விடாமல் கேட்கலாம். எல்லா வீட்டிலேயும் அதே ஸ்டேஷன்தான்" என்றார் பெரியவர்.

கிதார் நம்முடையதா?

இங்கே ஒரு கேள்வியை நேராகக் கேட்டுவிடுவது நல்லது. கிதார் நம் வாத்தியமா? இத்தகைய பாட்டு தமிழுக்கு அழகா? 1943-ல் தமிழிசைச் சங்கம் கண்ட மக்கள் அல்லவா நாம்?

விடை தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தூத்துக்குடி ஜில்லாவிலேயே எட்டயபுரம் இருக்கிறது. அந்தச் சமஸ்தானத்தில் வித்துவானாக விளங்கிய பாலுஸ்வாமி தீக்ஷிதர், சென்னையில் ஐரோப்பியரிடம் பிடில் கற்று அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கியவர். அவருடைய தமையனார் முத்துஸ்வாமி தீக்ஷிதர், வெள்ளைக்காரர் பாண்டில் கேட்ட மெட்டுக்களுக்கே சமஸ்கிருத சாகித்தியம் செய்தவர். எட்டயபுரத்திலேயே 1835-ல் சமாதியானவர். இன்று பிடில் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா? அதே சமயம், ஹார்மோனியம் நம் சுருதிக்கு ஒவ்வாதென்று 1940-ல் அகில இந்திய ரேடியோ அதை விலக்கிவைத்தது. விலக்கு முப்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. பஜனை மடங்களிலும் நாடக மேடைகளிலும் ஹார்மோனியம் ஒலித்துக்கொண்டேதான் இருந்தது.

ஆகவே வாத்தியம் எந்த ஊரில் பிறந்தது என்பது பெரிய விஷயமல்ல. அதைக் கையில் எடுத்தவன் யாருடைய வாழ்க்கையைப் பாடுகிறான் என்பதே கேள்வி. இந்தியாவில் 'சிம்லா' சிகரெட் கம்பெனியார் நடத்திய கிதார்க் கோஷ்டிப் போட்டியின் இசைத்தட்டுக்கள் 1970-லும் 1971-லும் வெளிவந்தன. ஷில்லாங்கின் 'பென்டோன்ஸ்' முதலிய கோஷ்டிகள் அவற்றில் மிகத் திறமையாக வாசித்திருக்கின்றன. ஜப்பானியத் தட்டுக்களைத் தேடுகிற ரஸிகர்கள் இவற்றையும் தேடி எடுத்து மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள். ஆனால் பாட்டுக்கள் இங்கிலீஷ். திறமைக்கு வணக்கம் செலுத்துகிறோம். என்றாலும், நம் பாட்டிமார் ஒரு வார்த்தையும் புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள். மாமியையும் கள்ளுக்கடையையும் பாடிய இலங்கைப் பிள்ளைகளின் பாட்டோ பாட்டிக்குப் புரிந்தது. புரிந்ததால் சிரிப்பும் வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது!

தமிழ் சினிமா இந்த வழியை முன்னமேயே அறிந்திருந்தது. 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் விசுவநாதனும் ராமமூர்த்தியும் மேனாட்டுத் துள்ளலைத் தமிழாக்கிக் காட்டினார்கள். 1965-க்குப் பிறகு கத்தோலிக்கக் கோவில்களில் லத்தீன் மறைந்து தமிழ்ப் பூசை வந்ததும், முத்துக்கரை ஆலயங்களிலும் கிதார் நுழைய வழி பிறந்தது. சினிமாவில் பாடியதற்குத் தட்டு உண்டு, படமும் உண்டு. வீட்டுத் திண்ணையிலும் கல்யாணப் பந்தலிலும் பாடினவர்களுக்கு என்ன உண்டு?

அண்ணன் குரல்

இந்தக் கேள்வியை நாம் கேட்டபோதுதான் பெரியவர் அந்தச் சுருளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அட்டைப் பெட்டியின் மேல் நீல மையில் 'கொழும்பு, 1969' என்று எழுதியிருந்தது.

"இது எங்க அண்ணன்."

அவருடைய தமையனார் 1962-ல் கொழும்புப் புறக்கோட்டையில் உறவினர் கடைக்கு வேலைக்குப் போனவர். பகலில் கணக்கெழுதுவார். இரவில் சிநேகிதர் நால்வருடன் சேர்ந்து கிதார் வாசிப்பார். ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர், ஒருவர் பறங்கியர், ஒருவர் மலாய்க்காரர். அவர்கள் தட்டு வெளியிடவில்லை, ரேடியோவிலும் பாடவில்லை. ஒரு வீட்டில் நாடாக் கருவியை வைத்து ஒரே ஒரு தடவை பதிவு செய்தார்கள். 1970-ல் தமையனார் ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது அந்தச் சுருள் ஒன்றுதான். 1988-ல் அவர் காலமானார்.

"அண்ணன் செத்த பிறகு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதைப் போட மெஷின் இல்லை. நான் போகிறதுக்கு முன்னாலே ஒரு தடவை கேட்கணும் ஐயா" என்றார். மருமகள் அப்போது நம் பக்கம் திரும்பி, "மாமா இதை எங்ககிட்டே சொன்னதே இல்லை" என்று மெதுவாகச் சொன்னார். பெட்டியைப் பழைய சாமான் கடைக்குப் போடும் பேச்சு அத்துடன் முடிந்தது. காபி வந்தது.

சுருளைச் சென்னைக்குக் கொண்டுவந்து, ஒலிப்பதிவில் தேர்ந்த அன்பர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் அதை மூக்கருகே கொண்டுபோனதும் முகத்தைச் சுளித்தார். "அஸிடேட் நாடா. காடியாகிக்கொண்டிருக்கிறது" என்றார். அக்காலத்து நாடாக்களிலும் சினிமாச் சுருள்களிலும் பல இந்த அஸிடேட் என்னும் பொருளால் ஆனவை. ஈரக் காற்றும் உஷ்ணமும் பட்டால் அது சிதைந்து காடியை வெளிவிடும். வெளிப்பட்ட காடியே மேலும் சிதைவைத் துரிதப்படுத்தும். பக்கத்தில் இருக்கும் நல்ல சுருளையும் கெடுக்கும். நாடா சுருங்கி, முறுக்கிக்கொண்டு, கடைசியில் ஓலைபோல் முறியும். கடற்கரை வீட்டுப் பெட்டியில் ஐம்பத்தைந்து வருஷம் இருந்த சுருளில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதென்றால் அதுவே அதிசயம்.

அன்பர் ஒரு வாரம் பொறுமையாக வேலை செய்தார். கையால் மெல்லப் பிரித்து, முறிந்த இடங்களை ஒட்டி, ஒரே ஒரு முறை ஓடவிட்டுப் பதிவு செய்துகொண்டார். மொத்தம் பதினோரு நிமிஷம் தேறியது. இரண்டு பாட்டுக்கள் முழுமையாகவும், மூன்றாவது பாதியும் கிடைத்தன. மிச்சம் பொடியாக உதிர்ந்தது.

முதற் பாட்டு, தென்மேற்குக் காற்று ஓய்வதற்காகத் துறையில் காத்துக் கிடக்கும் ஒரு தோணியைப் பற்றியது. ஆடி மாதத்தில் தோணிகள் ஓடா. தோணி ஓடாவிட்டால் கொழும்பிலிருந்து ஊருக்குப் பணம் போகாது. தோணியும் காத்திருக்கிறது, வீட்டில் அடுப்பும் காத்திருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். பாஷை சுத்தமான முத்துக்கரைத் தமிழ். தாளம் பைலா. கிதார் சற்றுச் சுருதி விலகித்தான் ஒலிக்கிறது. நடுவில் யாரோ சிரிக்கிறார்கள். வெளியே ஒரு மணி அடிக்கிறது. பெரிய வித்துவத்து என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அதைக் கேட்டபோது, யோகோஹாமாக் கடையில் நின்ற அந்த இளம் மாலுமிக்கு ஏன் ஊர் ஞாபகம் வந்தது என்பது தெளிவாகிவிட்டது. அங்கேயும் துறைமுகத்துப் பிள்ளைகள்தாம், யாரோ கொண்டுவந்த வாத்தியத்தில் தங்கள் பாஷையைப் பேச வைத்திருந்தார்கள்.

பதிவைப் பேரனின் கைபேசிக்கு அனுப்பினோம். பெரியவர் முதல் பாட்டு முடியும் வரையில் அசையவில்லையாம். இரண்டாவது பாட்டில் உதடு அசைந்ததாம். மூன்றாவது பாட்டு பாதியில் நின்றபோது, நின்ற இடத்திலிருந்து மிச்சத்தை அவரே பாடி முடித்தாராம். பேரன் அதையும் பதிவு செய்துவிட்டான். அந்தப் பாட்டு இப்போது இரண்டு குரலில் முழுமையாக இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

1981 மே மாதக் கடைசி இரவில் யாழ்ப்பாணத்துப் பொது நூல்நிலையம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில் கொழும்புத் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்த வீடுகளில் எத்தனை தட்டுக்கள், எத்தனை நாடாக்கள் இருந்திருக்கும்! பாடியவர்கள் உலகத்தின் மூலை முடுக்குகளுக்குச் சிதறினார்கள். நித்தி கனகரத்தினமும் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். அக்கரையில் நெருப்பு செய்ததை இக்கரையில் உப்புக் காற்றும் நம் அலட்சியமும் செய்துகொண்டிருக்கின்றன. நெருப்பை நம்மால் தடுத்திருக்க முடியாது. அலட்சியத்தைத் தடுக்கலாம் அல்லவா?

நேயர்களின் வீடுகளில் பழைய சுருள்கள் இருந்தால், முதலில் முகர்ந்து பாருங்கள். காடி வாடை வந்தால் அதை மற்றச் சுருள்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். ஈரமில்லாத, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பரணும் சமையலறை அலமாரியும் அதற்கு ஆகா. கண்ட கருவியில் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம். அந்த ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடக்கூடும். தெரிந்தவரிடம் கொடுத்து ஒரே முறை பதிவு செய்து, பிரதிகளை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். தட்டுக்களைப் படுக்கையாக அடுக்காமல் புத்தகம் போல் நிறுத்தி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாடியவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று உயிரோடிருக்கும் பெரியவர்களைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். பெயரில்லாத குரல் பாதி இறந்த குரல்தான்.

முத்துக் குளிப்பவர் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கும்போது, மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருந்து அசைவு வந்ததும் இழுக்க வேண்டும். தாமதித்தால் உயிர் போய்விடும். அதனால் மைத்துனன் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று அந்தக் கரையில் சொல்வதுண்டு. தங்கையின் தாலிக்காகவாவது அவன் கண்ணயர மாட்டான் அல்லவா?

பழைய பெட்டிகளுக்குள்ளிருந்து கயிறு அசைந்துகொண்டிருக்கிறது. இந்த வாரம் வீட்டுப் பரணை ஒரு தடவை பாருங்கள்.